சர்க்கரை போட்டேனா

போட்டிருப்பாள். போடாமல் எங்கே போகும்? பால் காய்ச்சத் தெரிந்தவளுக்குச் சர்க்கரை போடத் தெரியாதா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மங்கையர்க்கரசி ஃப்ரிட்ஜைச் சாத்தினாள். சாத்திவிட்டு அடுப்பு மேடையைத் தாண்டுவதற்குள் அதே கேள்வி வந்து முந்தானையைப் பிடித்து இழுத்தது. போட்டேனா? உள்ளே ஃப்ரீசரில், அகலமான எவர்சில்வர் சட்டியில், வெனிலா ஜெலாட்டோ என்கிற இத்தாலி ஐஸ்கிரீம் ஆகப் போகிற பால் மூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தெரியும். சர்க்கரை டப்பாவுக்குத் தெரியும். கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளருக்குத் தெரியும். இவளுக்குத்தான் தெரியவில்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் விஷயம் தீர்ந்தது, வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் இந்நேரம் அதைச் செய்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பாள். ஆனால் மங்கையர்க்கரசி ருசி பார்க்க மாட்டாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் மாமியார் போட்ட சட்டம் அது, சாமிக்குக் காட்டாததை வாயில் வைத்தால் அத்தனையும் எச்சில். மாமியார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, சட்டம் போகவில்லை. பூஜை அலமாரியில் இருக்கிற பிள்ளையார் போன மாதம் நூடுல்ஸ் சாப்பிட்டார், இன்றைக்கு ஜெலாட்டோ சாப்பிடப் போகிறார். அவர் சாப்பிட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் எல்லாம். உப்புக் குறைந்தாலும் கூடினாலும் அப்போதுதான் தெரியும், ஆனால் குறைந்ததும் கிடையாது, கூடினதும் கிடையாது. அவள் வீட்டுக்காரர் கைலாசத்துக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும், "அவ ருசியே பாக்க மாட்டா, கை தராசுல்லா," என்று ஆரம்பித்துவிடுவார். தராசு இப்போது ஃப்ரிட்ஜின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

நடந்ததை முதலிலிருந்து வரிசையாக ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மகள் சங்கரி அனுப்பிய வீடியோவைப் போட்டு, செல்போனை உப்பு ஜாடியில் சாய்த்து நிறுத்தியது, சரி. ஐஸ்கிரீமுக்குக் கிரீம் அதிகம், ஜெலாட்டோவுக்குப் பால் அதிகம், மெதுவாக அடிக்க வேண்டும், காற்று நிறையக் கூடாது என்று வீடியோவில் வந்த பெண் வளையலைக் குலுக்கிக்கொண்டு சொன்னாள். அவளானால் முட்டையின் மஞ்சள் கருவைப் போட்டாள். 'அம்மா பயப்படாத, முட்டைக்குப் பதிலா கார்ன்ஃப்ளார்' என்று சங்கரி கீழே எழுதியிருந்தாள். பச்சைப் பாலில் கார்ன்ஃப்ளாரைக் கட்டியில்லாமல் கரைத்தது, சரி. மீதிப் பாலையும் கிரீமையும் அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி அடுப்பைச் சிறிதாக வைத்தது, சரி. வெனிலாக் காயைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உள்ளே இருந்த கறுப்பு விதையை வழித்துப் பாலில் போட்டது. மாப்பிள்ளை மூணாறு போனபோது வாங்கி வந்த ஒரே ஒரு காய், கெட்டுப்போனால் வேறு கிடையாது. மணம் கூடம்வரைக்கும் போயிருக்க வேண்டும், கைலாசம் எட்டிப் பார்த்தார். "நா டவுனுக்குப் போயி வளையல் வாங்கிட்டு அப்படியே ஜங்ஷனுக்குப் போயிருதேன். ரயில் லேட்டாம்." லேட்டான ரயிலுக்கு இப்பவே எதுக்கு என்று கேட்டதற்கு, "அங்க போயி உக்காந்தாத்தான் எனக்கு நிம்மதி. கதவத் தாப்பா போட்டுக்கோ," என்றார். போட்டாள். தாழ்ப்பாள் சில்லென்று இருந்தது, அதுகூட நினைவிருக்கிறது. திரும்பி வந்து கரண்டியைப் பிடித்தாள். வீடியோப் பெண், இப்போது சர்க்கரை என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், அவள் முகம் போய்ச் சங்கரி முகம் வந்தது. ரயிலில் இருந்து கூப்பிட்டாள். "அம்மா, திண்டுக்கல்லுலயே நிப்பாட்டிப் போட்டுட்டாம்மா. வயித்துல உள்ளது மிதிக்கிற மிதியில ரயில அதுவே தள்ளிரும் போல." சிரித்தாள். வளைகாப்பைப் பற்றிப் பேசினாள், பிரசவத்தைப் பற்றிப் பேசினாள். அப்புறம், வெயிலைப் பற்றிச் சொல்கிற மாதிரி சாதாரணமாக, "லீவு முடிஞ்சதும் நா சென்னைக்குப் போயிருவேன், பிள்ள உன்கிட்டதான். நீ இருக்கும்போது எனக்கு என்னம்மா கவல?" என்றாள். "பின்ன, யாருகிட்ட விடப் போற?" என்று இவள் சொன்னாள். சொல்லும்போது கரண்டி ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பிடிக்க விடவில்லை. அதற்கப்புறம் பால் கெட்டியாகிக் கரண்டியின் முதுகில் படிந்ததும், அதில் விரலால் கோடு இழுத்துப் பார்த்ததும், விரலைக் கழுவியதும், மதியச் சாப்பாடு முடியும்வரை பாலை ஆறவிட்டு ஃப்ரீசரில் வைத்ததும் வரிசையாக நிற்கின்றன. நடுவில் ஒரு இடம் மட்டும் இல்லை. சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறந்த சத்தம் காதில் இருக்கிறது, ஆனால் அது காலையில் காப்பிக்குத் திறந்த சத்தமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அழுக்குப் பிடித்த சமையல்காரியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். மேடையில் நாலு சர்க்கரை மணி சிந்திக் கிடந்திருக்கும், டம்ளரில் ஒட்டியிருக்கும், எறும்பாவது வந்து சாட்சி சொல்லியிருக்கும். இவள் கை வேலை முடிய முடியக் கழுவித் துடைக்கிற கை. டம்ளர் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தது. டப்பாவைத் திறந்து பார்த்தாள், பாதி இருந்தது. காலையில் முக்கால் இருந்ததா பாதி இருந்ததா என்பதும் தெரியவில்லை. டப்பாவை மூடித் திரும்ப வைத்தாள். விஷயம் சர்க்கரை இல்லை. சர்க்கரை போடாமல் விட்டிருந்தால் என்ன, மறுபடி உருக்கிப் போட்டுக்கொள்ளலாம், குடியா முழுகிவிடும். போடாமல் விட்டிருந்தால் மறந்திருக்கிறாள். போட்டிருந்தால்? போட்டதை மறந்திருக்கிறாள். இனித்தாலும் மறதி, இனிக்காவிட்டாலும் மறதி. நாக்கில் வைத்துப் பார்ப்பதால் என்ன தீரப் போகிறது? இந்த இடத்துக்கு வந்ததும் மனசு பின்வாங்கி, சேச்சே, போன் வந்தது, பேச்சு சுவாரஸ்யம், யாருக்கும் வருவதுதான், எதிர்வீட்டுப் பெண் கேஸை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருவதில்லையா என்று வேறு பக்கம் ஓடியது. ஓடித் திரும்பி அதே இடத்துக்கு வந்து நின்றது. அம்மாவும் இப்படித்தான் ஆரம்பித்தாள். அம்மாவின் ரசத்தில் ஒருநாள் புளி இல்லை. வெறும் வெந்நீரில் மிளகும் சீரகமும் மிதந்தது. "அம்மா, புளி போடலையா?" என்று கேட்டதற்கு அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "தெரியாமலா? சும்மா, நீங்க கண்டுபிடிக்கியளான்னு பாத்தேன்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மங்கையர்க்கரசியின் சிரிப்பும் இருந்தது. இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பைப் பிடுங்கிக் கீழே போட வேண்டும் போல இருக்கிறது.

அரைமணிக்கு ஒருதரம் சட்டியை வெளியே எடுத்து, ஓரத்தில் உறைந்திருப்பதைச் சுரண்டி நடுவில் தள்ளி, மத்தால் அடித்துத் திரும்ப வைக்க வேண்டும். மெஷின் இல்லாத வீட்டில் அப்படித்தானாம். முதல் தரம் அடித்தபோது ஓரத்தில் வெறும் ஐஸ் சீவல்தான், ஒன்றும் தெரியவில்லை. இது இரண்டாம் தரம். விட்டுவிட்டுப் படுக்கவும் முடியாது, மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வாங்கவும் முடியாது. ஒரு சட்டிப் பால் ஆளை வீட்டோடு கட்டிப் போட்டுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பெருமாள்புரம் வெயிலில் ஆளில்லாமல் கிடந்தது, எங்கேயோ ஒரு இஸ்திரிக்காரர் ரேடியோ வைத்திருந்தார். வீடியோவை மறுபடி போட்டாள். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, அதுதான் உறைய விடாமல் மெத்தென்று வைக்கிறது, சர்க்கரை குறைந்தால் கல்லாகிவிடும் என்று அந்தப் பெண் சொன்னாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா மகராசி. மங்கையர்க்கரசி சட்டியை எடுத்து மத்தை இறக்கினாள். இறங்கியது. தட்டுத் தடங்கல் இல்லாமல், கெட்டித் தயிருக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஓரம் சுரண்டினால் சுருண்டு வந்தது. அப்படியானால் சர்க்கரை இருக்கிறது. போட்டிருக்கிறாள். அப்பாடா என்று நாற்காலியில் உட்காரப் போனவள் பாதியில் நின்றாள். போட்டிருக்கிறாள், அதுவும் அளவாகப் போட்டிருக்கிறாள். டப்பாவைத் திறந்து, டம்ளரில் அளந்து, கொட்டி, கரையும்வரை கிண்டி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள். அவ்வளவு நேரமும் அங்கே இருந்தது யார்? கையைப் பார்த்தாள். அவளுடைய கைதான், மோதிர விரலில் ரோஜாப்பூ மோதிரம், மணிக்கட்டில் தோசைக்கல் சுட்ட பழைய தழும்பு. இந்தக் கை தானாக ஒரு வேலையைச் செய்துவிட்டு அவளிடம் சொல்லாமல் வந்து பக்கத்தில் தொங்குகிறது. பயமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை, பயமாகவே இருந்தது.

சங்கரிக்கு நாலு வயசு அப்போது. மங்கையர்க்கரசி டெலிபோன் ஆபீஸில் வேலையாக இருந்தாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்து இங்கேயே இருந்தாள். சித்திரை வெயில். மொட்டை மாடியில் வடகம் போடப் போன அம்மா பிள்ளையையும் கூட்டிப் போயிருக்கிறாள். வடகம் போட்டு முடித்து, கீழே வந்து, மாடிக் கதவைத் தாழ் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை மேலே. காலில் செருப்பு கிடையாது. எதிர்வீட்டுக்காரி பார்த்துச் சத்தம் போட்டுத்தான் தெரிந்தது. சாயங்காலம் இவள் வந்தபோது சங்கரி இரண்டு பாதத்திலும் வெண்ணெய் தடவிக்கொண்டு, அழுது ஓய்ந்து, பாட்டு முணுமுணுத்தபடி படுத்திருந்தாள். அம்மா வாசலிலேயே பதிலைத் தயாராக வைத்திருந்தாள். "மறப்பேனா? சும்மா, இவ என்ன செய்யுதான்னு பாத்தேன்." அம்மாவின் கண் அதைச் சொல்லவில்லை. கண் வேறு எங்கேயோ, வழி தவறின ஆள் தெருப்பெயரைத் தேடுகிற மாதிரி, சுவரில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நம்பினாள். நம்பாவிட்டால் மறுநாள் ஆபீஸுக்கு எப்படிப் போவது? பிள்ளையை யாரிடம் விடுவது? நம்பினால் எல்லோருக்கும் சௌகரியம். அம்மாவுக்கும் சௌகரியம்தான் என்று அப்போது நினைத்தாள். அப்படி இருந்திருக்காது. ரசத்தில் புளி இல்லாத நாளிலிருந்து அம்மாவும் இப்படித்தான் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். ஒருத்தரிடமும் சொல்லாமல், சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்து, தனியாக, நல்ல வெளிச்சத்தில். பாவி மட்டை, நாம் ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து என்னம்மா செய்யுது உனக்கு என்று கேட்டோமா என்று மங்கையர்க்கரசிக்குக் கண் நிறைந்தது. பால்கனிக்குப் போனாள். கொடியில் துணி காய்ந்திருந்தது. எடுத்தாள். அப்புறம் பார்த்தால் துணி மடித்துக் கட்டிலில் அடுக்கியிருந்தது, அவள் கூடத்தில் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நினைவிலேயே மூழ்கிவிட்டோம் போல என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கைலாசம் போன் செய்தார். சங்கரி இறங்கிவிட்டாளாம், ஆட்டோவில் வருகிறார்களாம், "வளையல் அம்சமா கெடைச்சுட்டு, பச்சையும் செவப்பும்," என்றார். மூன்றாவது தரம் அடித்து வைத்துவிட்டால் பதமாக இருக்கும். ஃப்ரீசரைத் திறந்தபோது வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. சட்டியை எடுத்து மேடையில் வைத்தாள், மூடியைத் திறந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தந்த நிறத்தில், அங்கங்கே வெனிலா விதை மிளகுப் பொடி மாதிரி தூவி, மத்தின் தடத்தோடு நின்றது. இப்போது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மாமியார் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், பிள்ளையாருக்கு இரண்டு தோப்புக்கரணம் போட்டுவிடலாம். ருசி பார்க்கப் போகிறாள். தன் நாக்கால், தன் நினைவோடு, இதோ நான் ருசி பார்க்கிறேன் என்று தெரிந்து, ஒரு வாய். அதை மறக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தால் அது எப்படி மறக்கும்? அதைப் பிடித்துக்கொண்டு அவள் கரையேறிவிடலாம். சிறிய ஸ்பூன் ஒன்றை எடுத்தாள். எடுக்கும்போதே சிரிப்பு வந்தது, திருட்டுத்தனம் செய்கிற பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. ஃப்ரீசர் கதவு ஆவென்று கிடந்தது. அதைச் சாத்தலாம் என்று ஒரு கையை நீட்டியவள், சட்டி இருந்த இடத்துக்குப் பின்னால், பட்டாணிப் பாக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவில், ஏதோ மினுங்குவதைப் பார்த்தாள். கையை விட்டு எடுத்தாள். ஒரு சிறிய ஸ்பூன். குளிர்ந்து கையில் ஒட்டியது. அதில் அரை ஸ்பூன் ஜெலாட்டோ கெட்டியாக உறைந்து இருந்தது. மேல் பாதி இல்லை. இல்லாத இடம் வழுவழுவென்று, வாயில் வைத்து உதட்டால் வழித்து இழுத்த வளைவோடு இருந்தது.

வீட்டில் யாரும் இல்லை. கைலாசம் போகும்போது பால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கதவைத் தாழ் போட்டது அவள், இன்னும் திறக்கவில்லை. இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை, ஆனாலும் சொல்லிப் பார்த்தாள். போன் வந்தது, பேச்சு சுவாரஸ்யம், யாருக்கும் வருவதுதான் என்ற வாசல் சாத்திக்கொண்டது. துணியை எடுத்ததற்கும் காலண்டருக்கும் நடுவில் ஒருத்தி அடுப்பங்கரைக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு மாமியார் இல்லை, பிள்ளையார் இல்லை, எச்சில் இல்லை. நின்று, ஆசையாக, ஒரு வாய் தின்றிருக்கிறாள். நன்றாக இருந்திருக்குமோ? அதுகூட இவளுக்குச் சொல்லப்படவில்லை. மங்கையர்க்கரசி இரண்டு கையிலும் இரண்டு ஸ்பூனை வைத்துக்கொண்டு நின்றாள். நாக்கை மேலண்ணத்தில் தடவிப் பார்த்தாள், இனிக்கிறதா என்று. மதியம் சாப்பிட்ட மோரின் புளிப்புதான் இருந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது, சங்கரியின் குரல் கேட்டது. கை, அந்தச் சொல்கேளாத கை, தன் வேலையைச் செய்தது. குழாயைத் திறந்து ஸ்பூனைக் கழுவித் துடைத்து மற்ற ஸ்பூன்களோடு போட்டது. டிராயரைச் சாத்தியபிறகு எது அந்த ஸ்பூன் என்று அவளுக்கே தெரியவில்லை. போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

பிள்ளையாருக்கு ஒரு கிண்ணத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். எச்சில் பட்டதைத்தான் அவருக்கு வைக்கிறோம் என்று தெரிந்தே வைத்தாள். சங்கரி சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, வயிற்றின் மேல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு முதல் வாயை எடுத்து வைத்தாள். கண்ணை மூடினாள். பாதங்கள் இரண்டும் இவளுக்கு நேராக இருந்தன. தழும்பு ஒன்றும் தெரியவில்லை, எப்போதோ ஆறிவிட்டது.

"அம்மா! கடைக்காரன் தோத்துப் போவாம்மா. இனிப்பு அவ்வளவு அளவா இருக்கு. ருசியே பாக்காம எப்பிடிம்மா?"

"அதாம்ட்டி சொல்லுதேன், அவ கை தராசுல்லா," என்றார் கைலாசம், தன் கிண்ணத்தை வழித்துக்கொண்டே.

"இந்தக் கையிலதாம்ப்பா என் பிள்ளைய விடப் போறேன்." சங்கரி எட்டி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே இருந்தது சரியாக அந்த இடத்தில் ஒரு மிதி மிதித்தது. மங்கையர்க்கரசியின் தொண்டைக்குள் அம்மாவின் சொல் தயாராக வந்து நின்றது. சும்மா. சும்மா என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வரும், எல்லோரும் சிரிப்பார்கள், எல்லோருக்கும் சௌகரியம். சங்கரி நம்புவாள். நம்பாவிட்டால் அவள் எப்படி ஆபீஸுக்குப் போவாள்? கைக்குக் கீழே அது மறுபடி மிதித்தது.

"நா ருசி பாத்தேன்ட்டி," என்றாள் மங்கையர்க்கரசி.

கைலாசம் புரைக்கேறச் சிரித்தார். "கேட்டியா கதைய! எங்க அம்மை இருந்திருக்கணும்."

சங்கரியும் சிரித்தாள். "பாத்தியா! இத்தன வருசம் ஏமாத்திட்டியே. எப்பம்மா பாத்த?"

மங்கையர்க்கரசி மகளின் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். கிண்ணத்தில் மிச்சமிருந்தது ஓரத்தில் இளகிப் பாலாக ஆரம்பித்திருந்தது.

"அதுதான் தெரியலட்டி," என்றாள்.